சந்துச் சுவரின் இரண்டு படங்கள்

அடுத்தவர் வீட்டுச் சுவரை நேராக்கியே வயிறு வளர்த்தவன் அவன். ரசமட்டம் என்று பெயர் வைத்தது அவனுடைய சொந்த அண்ணன்தான். கொத்தனார்கள் செங்கல் வரிசையின் மேல் வைத்துப் பார்ப்பார்களே, உள்ளே ஒரு குமிழி ஓடுகிற கட்டை, அதற்குத்தான் அந்தப் பெயர். அண்ணன் கொத்தனார், தம்பி கேமராக்காரன். கேலிக்கு வைத்த பெயர் தெரு முழுக்க ஒட்டிக்கொண்டது. அவனுக்குக் கோபமெல்லாம் வராது. உள்ளுக்குள் பெருமைதான்.

நான் அவர்கள் வீட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். படம் பிரிண்ட் போடுவேன், லேமினேஷன் போடுவேன், எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பேன். இந்தக் கதையில் வருகிற எல்லாப் படத்தையும் பிரிண்ட் போட்டது என் மிஷின்தான். அதனால் நான் யோக்கியம் பேச முடியாது. ஆனால் வாயை மூடிக்கொண்டு இருக்கவும் முடியவில்லை.

அவன் வேலை என்னவென்றால், விற்பனைக்கு வருகிற வீடுகளைப் படம் எடுத்து புரோக்கர்களுக்குக் கொடுப்பது. பத்துக்குப் பத்து அறையைச் சாதாரண லென்ஸில் எடுத்தால் பாதிக் கட்டிலும் ஒரு ஜன்னலும்தான் விழும். அதனால் அகல லென்ஸ் போட்டு, கக்கூஸ் மூலையில் முதுகை ஒட்டிக்கொண்டு எடுப்பான். அகல லென்ஸ் அறையைப் பெரிதாகக் காட்டும், ஆனால் சும்மா காட்டாது. ஓரத்துக் கதவுச் சட்டம் மழையில் நனைந்த பலகை மாதிரி வெளியே வளைந்து நிற்கும். கேமராவைக் கொஞ்சம் அண்ணாந்து பிடித்தால் போதும், இரண்டு பக்கச் சுவரும் மேலே போகப்போக ஒன்றை ஒன்று பார்த்துச் சாயும். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் அந்தப் படத்தின் மேல் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, நாலு மூலையையும் பிடித்து இழுப்பான். சாய்ந்த சுவர் நிமிரும். வளைந்த சட்டம் நேராகும். நேராகிற அந்த நொடியில் நாற்காலியில் சாய்ந்து, "இப்பதான்க்கா அது மூச்சு விடுது" என்பான்.

கோணலைக் கண்டால் அவனுக்கு ஆகாது. என் கடைக்கு வந்தால் முதல் வேலை சுவர்க் காலண்டரை நிமிர்த்தி வைப்பதுதான். "இது ஒரு வியாதிடா தம்பி, டாக்டர்கிட்ட காட்டு" என்று பலமுறை சொல்லியிருக்கிறேன்.

வீட்டில் மூன்று பேர். முன்னறையில் ஒரு பக்கம் அவன் கம்ப்யூட்டர் மேசை, இன்னொரு பக்கம் அவன் பெண்டாட்டியின் தையல் மிஷின். அவள் ஆஸ்பத்திரி ஆட்களுக்குச் சீருடை தைப்பவள். நடுவில் ஒரு ஆள் நடக்கிற வழி, அடுப்படி, அதைத் தாண்டினால் பின்னறை. அங்கேதான் கொத்தனார் கட்டில். எட்டு வருஷத்துக்கு முன்னால் மூன்றாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே எதுவும் கிடையாது. தலைமாட்டில் இருந்த சந்துப் பக்கச் சுவர் அவரே எழுப்பியது, கால் நன்றாக இருந்த காலத்தில், தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானபோது.

அவரைத் தூக்கி உட்காரவைப்பது, துடைப்பது, சட்டி எடுப்பது எல்லாம் தையல்காரிதான். திட்டிக்கொண்டேதான் செய்வாள். அவரும் திட்டிக்கொண்டேதான் புரளுவார். "எனக்குன்னு எங்க அப்பா தேடிப் பிடிச்ச மாப்பிள்ளை வீடு, ஒருத்தர் படுத்தே கெடக்காரு, ஒருத்தர் உக்காந்தே கெடக்காரு" என்பாள். "நீதான் நிக்கிறியே தாயி, அது போதும்" என்பார் அவர். சண்டை மாதிரித்தான் இருக்கும். ஆனால் எட்டு வருஷத்தில் அவர் முதுகில் ஒரு புண் வந்ததில்லை. தம்பிக்காரன் அந்தச் சட்டியை ஒரு தடவை தொட்டிருப்பானா என்றால், எனக்குத் தெரிந்து இல்லை.

அவர்கள் வீட்டை ஒட்டி மூன்றடிச் சந்து. அதற்கு அந்தப் பக்கம் இருந்த பழைய வீட்டை ஒரு கம்பெனி வாங்கி இடித்தது. கீழே இரண்டு தளம், மேலே ஏழு தளம் வரப்போகிறது என்றார்கள். குழி தோண்டுவதற்கு முன்னால் ஒரு வழக்கம் உண்டு. அக்கம்பக்கத்து வீடுகள் இப்போது எப்படி இருக்கின்றன என்று படம் எடுத்து, இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டு, கட்டட அலுவலகத்தில் ஒரு பிரதி கொடுத்துவிட வேண்டும். பின்னால் விரிசல் விட்டால் யார் பொறுப்பு என்று தெரிய வேண்டும் அல்லவா. அதற்கான ஃபாரத்தை எடுத்துக்கொண்டு கம்பெனியின் சைட் இன்ஜினியர் வந்தார். எப்போதும் சிரித்த மூஞ்சி. நான் அவருக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டேன். ரசமட்டத்தின் மேசையைப் பார்த்ததும் சிரித்த மூஞ்சி இன்னும் கொஞ்சம் சிரித்தது.

"நீங்களே இதுல பெரிய ஆளா இருக்கீங்க. நாங்க எடுத்தா செல்போன்ல எடுப்போம். நீங்களே எடுத்துக் குடுத்திடுங்களேன், தரமா இருக்கும்."

அந்த ஒரு வார்த்தையில் அவன் கவிழ்ந்தான். தரம் என்று சொன்னால் கிணற்றில்கூட இறங்குவான்.

கொத்தனார் கட்டிலில் இருந்தபடியே ஒன்று சொன்னார். சந்துச் சுவரின் உச்சியில் ஆணி அடித்து, தன் பழைய தூக்குக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, அந்த நூல் தெரிகிற மாதிரி படம் எடுக்க வேண்டும். இரும்புக் குண்டு கட்டிய நூல் எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் நேராகத்தான் தொங்கும். நூலும் சுவரும் ஒட்டி நின்றால் சுவர் நேர். அதற்கு மேல் எவனும் எதுவும் பேச முடியாது. தையல்காரி உடனே ஏணி வைத்து ஏறி ஆணி அடித்து, துருப்பிடித்த அந்தக் குண்டைக் கட்டித் தொங்கவிட்டாள். நல்ல வெயில். நான் கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் உள்ளே போனதும் ரசமட்டம் சந்தின் வாயில் நின்று கேமராவைக் கண்ணில் வைத்தான். எடுத்தான். கழுத்தை அப்படி இப்படித் திருப்பினான். பிறகு ஏணியில் ஏறி, நூலை அவிழ்த்துச் சுருட்டிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். அப்புறம்தான் மீதிப் படங்களை எடுத்தான்.

மறுநாள் பிரிண்ட் போடும்போது கேட்டேன், நூல் எங்கே என்று. வெயிலில் நூலின் நிழல் சுவரில் விழுந்து அசல் விரிசல் மாதிரியே தெரிந்ததாம். விரிசல் இல்லை என்று காட்ட எடுக்கிற படத்தில் விரிசல் தெரிந்தால் நல்லாவா இருக்கும் என்றான். நூல் விழுந்த அந்த முதல் படத்தை அங்கேயே அழித்துவிட்டானாம்.

"அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்கக்கா. நூலோட எடுத்தேன்னு சொல்லிட்டேன். படத்தைப் பாருங்க, சுவரு எவ்வளவு நேரா நிக்குது. இதுக்கு மேல ஒரு நூலு எதுக்கு?"

படத்தில் சுவர் நேராகத்தான் நின்றது. நேராக நிற்காமல் என்ன செய்யும், முந்தின நாள் சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து மூலை மூலையாக இழுத்திருக்கிறான். மூன்றடிச் சந்தில் நின்று அண்ணாந்து எடுத்த படம் அது. எடுத்தபடியே விட்டிருந்தால் சுவர் சந்துப் பக்கம் கவிழ்கிற மாதிரி இருந்திருக்கும். நிஜச் சுவர் நேராகத்தான் இருந்தது, அதனால் படத்திலும் நேராக்கினான். அவன் கணக்கில் அது திருத்தம், பொய் இல்லை. ஃபாரத்தின் கீழே 'படங்கள் உள்ளது உள்ளபடி, எந்த மாற்றமும் செய்யப்படாதவை' என்று ஒரு வரி இருந்தது. அதை நான் படித்துக் காட்டினேன். கையெழுத்துப் போட்டான். நானும் வாயை மூடிக்கொண்டேன். எனக்கென்ன வந்தது என்று இருந்துவிட்டேன், இன்றைக்கு நினைத்தால் என் மேலேயே எரிச்சலாக இருக்கிறது.

குழி தோண்ட ஆரம்பித்தார்கள். பகலெல்லாம் அலமாரியில் டம்ளர்கள் தாமாக நகர்ந்தன. என் ஜெராக்ஸ் மிஷின் கோடு கோடாக அடித்தது. அப்புறம் மழை பிடித்தது. மூன்று வாரம் விடவில்லை. குழியில் தண்ணீர் நின்று, அதை மோட்டார் வைத்து இறைத்தார்கள். தண்ணீரோடு சந்தின் அடிமண்ணும் சேற்றுக் குழம்பாக வெளியே போய்த் தெருச் சாக்கடையில் விழுந்தது. அது யார் வீட்டு மண் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

முதலில் கண்டுபிடித்தது கொத்தனார்தான். படுத்திருப்பவருக்கு வேறு என்ன வேலை, மேலேயே பார்த்துக்கொண்டிருப்பதுதான். கூரையும் சுவரும் சேருகிற இடத்தில் ஒரு நாள் காலையில் மெல்லிய வெளிச்சக் கோடு தெரிந்திருக்கிறது. தையல்காரியைக் கூப்பிட்டு, கூரைக் கொக்கியில் தூக்குக்குண்டைத் தொங்கவிடச் சொன்னார், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. அவள் ஸ்டூலில் ஏறித் தையல் டேப்பை வைத்து மேலே அளந்தாள், இறங்கிக் கீழே அளந்தாள். மேலே முக்கால் இஞ்சு அதிகம். சுவர் உச்சி வெளியே போய்க்கொண்டிருந்தது. மழை விட்டபோது அது இரண்டரை இஞ்சு.

கட்டிலை முன்னறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று அவள் அன்றைக்கே சொன்னாள். முன்னறையில் இடம் வேண்டுமென்றால் ஒன்று தையல் மிஷின் போக வேண்டும், இல்லை கம்ப்யூட்டர் மேசை போக வேண்டும். சீருடைக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் முன்னறைக்குத்தான் வர முடியும். மேசையைப் பின்னறைக்கு மாற்றச் சொன்னாள். அவன் மாட்டேன் என்றான். பின்னறை ஜன்னல் வெளிச்சம் நேராகத் திரையில் அடிக்குமாம், நிறம் தெரியாதாம், ஈரத்தில் மிஷின் கெட்டுவிடுமாம்.

"ஆபீஸ்ல மனு குடுத்திருக்கோம்ல? நம்மகிட்ட படம் இருக்கு. ரெண்டே நாள்ல அவனே வந்து முட்டுக் குடுத்து, சுவரை இடிச்சுக் கட்டித் தருவான். அதுவரைக்கும் அண்ணனுக்கு வேற ரூமே போட்டுக் குடுப்பான். அவசரப்படாத."

கொத்தனார் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கட்டிலை மாற்று என்று அவர் வாயால் கேட்கவில்லை. "ஈரம் மிஷினுக்குத்தான் ஆகாது, மனுஷனுக்கு ஒண்ணும் பண்ணாது" என்று மட்டும் சொன்னார்.

ஆக எல்லாம் அந்தப் படத்தின் தலையில் வந்து நின்றது. சுவர் இப்போது சாய்ந்திருப்பதை எல்லாரும் கண்ணால் பார்க்கலாம், அதில் தகராறு இல்லை. தோண்டுவதற்கு முன்னால் நேராக இருந்ததா என்பதுதான் கேள்வி. நேராக இருந்தது என்றால் கம்பெனி பொறுப்பு. இல்லை என்றால் வீட்டுக்காரன் பாடு.

விசாரணைக்கு நானும் போனேன், காகிதங்களைப் பிடித்துக்கொள்ள. ஒரு நீள மேசை, சத்தம் போடும் ஃபேன், பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்துச் சாப்பிடுகிற ஒரு ஆய்வாளர். கெட்டவர் மாதிரித் தெரியவில்லை. படங்களை வாங்கிப் பார்த்து, சுவர் நேராகத்தான் இருந்திருக்கிறது என்று அவரே சொன்னார். ரசமட்டம் என்னைப் பார்த்துச் சிரித்தான். அப்போது சிரித்த மூஞ்சி ஒரு அட்டையை எடுத்து மேசையில் வைத்தது. ரசமட்டத்தின் விளம்பர அட்டை, என் கடையில் அடித்ததுதான். 'உங்கள் வீட்டின் கோணல்களை நேராக்கித் தருகிறோம்' என்று போட்டிருந்தது.

"சார், இவரு தொழிலே இதுதான். நாங்க பொய்னு சொல்லலை. திருத்துறதுக்கு முந்தின படம் இருந்தா குடுக்கச் சொல்லுங்க, பாத்துடலாம்."

அவனிடம் இருந்தது. கேமராவில் விழுந்தபடியே வைத்திருந்தான், நூல் விழுந்த அந்த ஒரு படத்தைத் தவிர எதையும் தூக்கிப் போட்டவன் இல்லை. இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தன் நேர்மையை நிரூபிக்கிற ஆவேசத்தில் என்னையும் இழுத்துக்கொண்டு ஓடிப்போய், என் கடையைத் திறக்கவைத்துப் பிரிண்ட் போட்டுக்கொண்டு ஓடிவந்தான். ஆய்வாளர் அதைக் கையில் வாங்கினார். படத்தில் சுவர் சந்துப் பக்கம் நன்றாகச் சாய்ந்து நின்றது. தோண்டுவதற்கு முன்னால் எடுத்த படம், தேதியோடு.

"ஏற்கனவே சாஞ்சுதானே இருக்கு?"

"சார், அது சுவரு சாயலை. கேமராவை அண்ணாந்து பிடிச்சா எல்லாச் சுவரும் அப்படித்தான் விழும். எதிர்ப் பக்கம் லைட்டுக் கம்பம் பாருங்க, அதுவும் இந்தப் பக்கம் சாயுது. ரெண்டும் எப்படி சார் சாயும்?"

"கம்பமும் சாஞ்சுதான் இருந்துச்சு சார்," என்றது சிரித்த மூஞ்சி. "ஆபத்துன்னுதான் நாங்க எடுத்துட்டு வேற நட்டோம். அந்த நிலமே அப்படி. சுவரைக் கட்டினவரும் சரியா கட்டலை போல."

தையல்காரி எழுந்துவிட்டாள். கட்டினவர் கை அப்படிப்பட்ட கை இல்லை என்றாள். ஆய்வாளர் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்குப் பாவமாகத்தான் இருந்தது.

"பாரும்மா, திருத்தின படத்தை நான் எடுத்துக்க முடியாது. திருத்தலைன்னு வேற கையெழுத்துப் போட்டிருக்காரு. திருத்தாத படம் உங்களுக்கே எதிரா இருக்கு. ஒரு தூக்குக்குண்டு நூல் தொங்கியிருந்தா போதும், கேமராவை எப்படிப் பிடிச்சாலும் தெரிஞ்சிருக்கும். கொத்தனார் வீடுங்கறீங்க, இது தோணலையா?"

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தாள். நானும் தரையைத்தான் பார்த்தேன்.

வழியில் அவள் நூலைப் பற்றி என்னிடம்தான் கேட்டாள், நான் பார்த்ததையும் அவன் சொன்னதையும் சொல்லிவிட்டேன். வீடு வந்ததும் நேராகப் பின்னறைக்குப் போய், கட்டில் பக்கத்தில் நின்று, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். நான் வாசற்படியில் நின்றேன். மூடி மறைத்துச் சொல்லியிருக்கலாம், படுத்திருக்கிற மனுஷனிடம் கொஞ்சம் பதமாகச் சொல்லியிருக்கலாம். அவள் அப்படிச் செய்யவில்லை. நூலை அவிழ்த்துப் பாக்கெட்டில் போட்டதை இரண்டு தடவை சொன்னாள். கட்டினவன் சரியாகக் கட்டவில்லை என்று அந்த ஆள் சொன்னதையும் சொன்னாள்.

கொத்தனார் தம்பியைப் பக்கத்தில் வரச் சொன்னார். அவன் வந்து நின்றான்.

"நிழலு விரிசல் மாதிரி தெரிஞ்சுதா?"

"ஆமாண்ணே."

"படம் நல்லா வந்துச்சா?"

அவன் தலைமாட்டுச் சுவரை நிமிர்ந்து பார்த்தான்.

"கேக்கறேன்ல. நல்லா வந்துச்சா?"

"வந்துச்சுண்ணே."

"அப்ப சரி," என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்றைக்கு அவர் கஞ்சி குடிக்கவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை.

அவள் மேலதிகாரிக்கு இன்னொரு மனு எழுதச் சொன்னாள், நான் எழுதினேன். என் குற்றத்துக்கு அதுதான் கழுவாய் என்று நல்ல காகிதத்தில் எழுதினேன். பதில் வரவில்லை. கட்டடம் வளர்ந்துகொண்டே போனது. பின்னறைக்கு வெயில் வருவது நின்றது. சுவர் மூன்றே கால் இஞ்சில் கொஞ்ச நாள் நின்று, பிறகு மறுபடி நகர ஆரம்பித்தது. வெளிச்சம் திரையில் அடிக்கும் என்ற சாக்குப் போயாச்சே, மேசையை மாற்றலாமே என்று அவள் கேட்டாள். ஈரம் இருக்கிறதே என்றான்.

கட்டடம் முடிகிற சமயத்தில் சிரித்த மூஞ்சி மறுபடி வந்தது, கையில் ஒரு பழப்பை. பழசெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது, அது ஆபீஸ் விவகாரம் என்றது. விளம்பரத்துக்குக் கட்டடத்தைப் படம் எடுக்க வேண்டும், தெருவில் இவனைவிடத் தரமாக யார் எடுக்கப் போகிறார்கள் என்றது. ஏழு மாடி முழுதாக விழ வேண்டும். அப்படி எடுத்தால் பக்கத்து வீடும் விழும். அந்தக் கோணல் தெரிந்தால் வாங்க வருகிறவன் பயந்துவிடுவான், அதை மட்டும் நிமிர்த்திக் கொடுக்க வேண்டும்.

"நீங்க இதைப் பண்ணிக் குடுங்க. நான் முதலாளிகிட்ட பேசி, சந்துல நாலு இரும்பு முட்டுப் போட்டுத் தரச் சொல்றேன். உங்க அண்ணன் நிம்மதியா படுத்திருக்கட்டும்."

கொத்தனாருக்குப் பின்னறையில் எல்லாம் கேட்டிருக்கிறது. ஆள் போனதும் தம்பியைக் கூப்பிட்டார்.

"அவனுக்கு வேண்டியது கட்டடத்துப் படம் இல்லடா. நம்ம வீட்டுப் படம். குடுக்காத."

"முட்டுப் போடறேன்னு சொல்றாங்கண்ணே. உனக்காகத்தான்."

"எனக்காக நீ மேசையை நகத்தினா போதும்."

அவன் நகர்த்தவில்லை. படத்தை எடுத்தான். அந்தப் படத்தை அவன் திருத்துவதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், டீ குடித்துக்கொண்டே. ஏழு மாடியும் மேலே போகப்போகப் பின்னால் மல்லாந்து விழுந்திருந்தது. மூலைகளை இழுத்து அதை நிமிர்த்தினான். கட்டடம் நிமிர்ந்ததும், பக்கத்தில் அவன் வீடு மட்டும் குடிகாரன் மாதிரி அதன் தோளில் சாய்ந்து நின்றது. இந்தச் சாய்வு லென்ஸ் செய்தது இல்லை, அவனுக்கு நன்றாகவே தெரியும். வீட்டை மட்டும் தனியாகச் சுற்றிக் கோடு போட்டான். சுவரின் உச்சியைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளினான். கூரை விளிம்பு வளைந்தது, அதையும் சரிசெய்தான். சந்து மேலும் கீழும் ஒரே அகலமாக ஆனது. வேலை என்று பார்த்தால் சுத்தமான வேலை, குறை சொல்ல முடியாது.

முடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தான். மூச்சு விடுகிறது என்று சொல்வானோ என்று பார்த்தேன். சொல்லவில்லை. பின்னறையிலிருந்து கொத்தனார் இருமுகிற சத்தம் கேட்டது.

முட்டு வந்தது, அதை இல்லை என்று சொல்ல முடியாது. நான்கு இல்லை, இரண்டு. சந்தில் குறுக்காக வைத்து இறுக்கினார்கள். சுவர் நாலு இஞ்சில் நின்றது. ஒரு மாதம் அந்த வீட்டில் எல்லாரும் கொஞ்சம் நன்றாகத் தூங்கினார்கள். ரசமட்டம் என் கடையில் வந்து, "பாத்தீங்களாக்கா, நான் சொன்னேன்ல" என்றுகூடச் சொன்னான். அவர்கள் வீட்டை விட உயரமான விளம்பரத் தட்டியில் அந்தப் படம் தெருமுனையில் நின்றது. அதில் நேரான ஏழு மாடிக்குப் பக்கத்தில் நேரான ஒரு சின்ன வீடு.

பிறகு தையல்காரியின் மனுவுக்குப் பதில் வந்தது. நான் எழுதின மனு ஆயிற்றே, என் கையிலேயே கொடுத்துப் படிக்கச் சொன்னாள். கட்டிலைச் சுற்றி நாங்கள் மூன்று பேரும் நின்றோம். இரண்டு படங்களின் ஜெராக்ஸ் இணைத்திருந்தார்கள். ஒன்று தோண்டுவதற்கு முன்னால் எடுத்த, திருத்தாத படம், சாய்ந்த சுவர். இன்னொன்று விளம்பரப் படம், நேரான சுவர். இரண்டையும் எடுத்தவர் வீட்டுக்காரரே என்று கீழே குறிப்பு. 'முன்பே சாய்ந்திருந்த மேற்படிச் சுவரை, பொறுப்பு இல்லாதபோதும், நிறுவனத்தார் நல்லெண்ண அடிப்படையில் தம் செலவில் முட்டுக் கொடுத்து நேராக்கித் தந்துள்ளனர். குறை தீர்க்கப்பட்டது. கோப்பு முடிக்கப்பட்டது.'

ஆய்வாளர் நேரில் வந்து பார்த்தாரா என்றால் இல்லை. படம்தான் இருக்கிறதே, எதற்கு வர வேண்டும்.

மூன்றாம் நாள் காலையில் இரண்டு ஆட்கள் வந்து முட்டுகளைக் கழற்றினார்கள். வீடு பார்க்க ஆட்கள் வருகிறார்களாம், சந்து சுத்தமாக இருக்க வேண்டுமாம். தையல்காரி கையில் கத்தரிக்கோலோடு போய் வழி மறித்தாள். அந்த ஆட்கள் கூலிக்கு வந்தவர்கள், அவர்களிடம் என்ன பேசுவது. ரசமட்டம் சிரித்த மூஞ்சிக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தான். எடுக்கவே இல்லை.

முட்டு போன மறுநாள் பின்னறையில் டேப் நாலரை காட்டியது.

அன்றைக்குத்தான் அவள் அதைச் செய்தாள். புருஷன் புரோக்கர் யாரையோ பார்க்கப் போயிருந்தான். தெருவில் இரண்டு ஆட்களைக் கூப்பிட்டாள், என்னையும் கூப்பிட்டாள். கம்ப்யூட்டரின் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். மேசையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்னறையில், சாய்ந்த சுவரை ஒட்டி, கட்டில் கிடந்த அதே இடத்தில் போட்டாள். கட்டிலை முன்னறைக்குக் கொண்டுவந்து ஜன்னல் பக்கம் போட்டாள். கொத்தனார் எட்டு வருஷத்துக்குப் பிறகு தெருவைப் பார்த்தார். தெருமுனையில் நின்ற தட்டியும் தெரிந்தது. அதை ரொம்ப நேரம் பார்த்தார்.

அவன் சாயங்காலம் வந்தான். முன்னறையைப் பார்த்தான், பின்னறையைப் பார்த்தான். அங்கே எப்படி வேலை செய்வது, சுவர் விழுந்தால் என்ன ஆவது என்று கேட்டான். அவள் தையலை நிறுத்தாமலே சொன்னாள்.

"நேராக்கித் தந்தாச்சுன்னு கவர்மென்ட் எழுதியிருக்கு. படம் போட்டு எழுதியிருக்கு. நீ எடுத்த படம்தான். போய் உக்காரு."

அவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் ஏதாவது சொல்வார் என்று நின்றான். நானும் அப்படித்தான் நினைத்தேன், கூடப் பிறந்தவர் ஆயிற்றே. கொத்தனார் தலையணையை நிமிர்த்திவைக்கச் சொல்லி அவளிடம் கை காட்டினார், அவ்வளவுதான்.

இப்போதும் அங்கேதான் உட்கார்ந்து வேலை செய்கிறான். சுவருக்கும் அவன் மேசைக்கும் நடுவில் கொக்கியிலிருந்து தூக்குக்குண்டு தொங்குகிறது. அதைக் கழற்ற அவள் விடவில்லை. அடுத்தவர்களின் சமையலறைகளையும் படுக்கையறைகளையும் இழுத்து இழுத்து நேராக்குகிறான். லாரி போனால் எழுந்து நடைவழிக்கு வந்து நின்றுவிட்டு, பிறகு உள்ளே போகிறான். பேச்சு குறைந்துவிட்டது. என் கடைக் காலண்டர் எத்தனையோ நாளாகக் கோணலாகவே தொங்குகிறது, அவன் தொடுவதில்லை.

காலையில் நான் ஷட்டரைத் தூக்கும்போது எதிர் ஜன்னலில் கொத்தனார் டீ குடித்துக்கொண்டிருப்பார். குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் குரல் கொடுப்பார்.

"இன்னைக்கு எவ்வளவுடா?"

பின்னறையில் ஸ்டூல் இழுபடுகிற சத்தம் கேட்கும். அவன் ஏறி மேலே அளக்க வேண்டும், பிறகு இறங்கிக் கீழே அளக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்துச் சொல்வான்.

"நாலே முக்கால்."

"சரியா பாத்தியா?"

"பாத்தேண்ணே."

"உன் கண்ணை நம்ப முடியாது. இன்னொரு தரம் பாரு."

ஸ்டூல் மறுபடியும் இழுபடும்.